பீரங்கி வார்த்த குழி

நைனாவும் சித்தப்பாவும் ரேணிகுண்டாவில் வார்ப்புப் பட்டறை வைத்திருந்தார்கள். பம்பு மூடிகளும் கோயில் மணிகளும் வார்த்துக்கொண்டிருந்த அந்தத் தகரக் கொட்டகைக்கு, பீரங்கி வேண்டும் என்று ஒருவர் காரில் வந்து இறங்கினார். திருப்பதிக்குப் பக்கத்தில் புதிதாக ஓட்டல் கட்டிக்கொண்டிருந்தார். அதன் வாசலில் கோட்டைக் காலத்துப் பீரங்கி மாதிரி ஒன்று நிற்க வேண்டும். பழைய முறையிலேயே வார்த்து, அதை வீடியோவும் எடுத்துத் தர வேண்டும். "யார சுடப் போறாராம்?" என்று அம்மா கேட்டாள். அவருக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

சித்தப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கட்டையின்மேல் கயிறு சுற்றி, கயிற்றின்மேல் களிமண் பூசி, முதலில் மண்ணாலேயே ஒரு பீரங்கி செய்தார். அதற்குச் சாம்பல் தடவி, சாணமும் ஆட்டுமயிரும் பிசைந்த மண்ணை மேலே அடுக்கடுக்காக அப்பினார். பள்ளி விட்டதும் நான்தான் மண் மிதிப்பேன். அது காய்ந்ததும் கட்டையை உருவி, கயிற்றை இழுத்து, உள்ளே இருந்த மண்ணைத் தட்டி எடுத்தார். மிஞ்சிய கூடுதான் அச்சு. நடுவில் மண் பூசிய இரும்புத் தண்டு ஒன்றை நிறுத்தி, அச்சைக் குழியில் புதைத்து, மேலிருந்து வெண்கலத்தை ஊற்ற வேண்டும். தண்டு நின்ற இடம் குண்டு போகும் வழியாகிவிடும்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடவேயில்லை. ஓட்டல்காரர் தினமும் போன் செய்தார். "முகூர்த்தம் பெட்டேஸாம், லேட் செய்யொத்து" என்று தெலுங்கில் அவர் போட்ட சத்தம் போனுக்கு வெளியேயும் கேட்டது. திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார்களாம், தாமதம் கூடாதாம்.

"உள்ள இன்னும் ஈரம் இருக்கற மாதிரி கீதுண்ணா" என்றார் சித்தப்பா.

நைனா அச்சுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். "காஞ்சிட்ச்சிடா. நாளைக்கி ஊத்திடலாம்."

மறுநாள் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது சித்தப்பா ஊற்றினார். அடியில் மிச்சமிருந்த ஈரம் உருகிய வெண்கலம் பட்டதும் ஆவியாகி வெடித்து, ஊற்றியதை எல்லாம் அவர்மேலேயே துப்பியது. திருப்பதி ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்தார். என்னை உள்ளே விடவில்லை. பிறகு முகமும் தெரியாமல் துணி சுற்றி, பிணமாகத்தான் கொண்டுவந்தார்கள். சித்தப்பா என்று சொன்னதால்தான் நம்பினேன்.

நைனா அழவில்லை. பட்டறையைப் பூட்டிவிட்டு, சோற்றுக்கு முன்னால் உட்காருவதும் எழுந்து போவதுமாக இருந்தார். ஊரே சமாதானம் சொல்லியும் சாவியைத் தொடாதவரிடம், வயிறு தெரிய ஆரம்பித்திருந்த சித்திதான் போய் நின்றாள்.

"அவரு ஆசப்பட்டு ஆரம்பிச்சது மாமா. நீங்களே முடிச்சிடுங்க."

நைனா அவள் முகத்தைப் பார்க்காமலே தலையாட்டினார்.

தை வெயிலில் புதிதாக ஒரு அச்சு செய்தார். உள்ளே கரி போட்டு மூட்டுவார், ஆறவிட்டுத் தடவிப் பார்ப்பார், மறுபடியும் மூட்டுவார். ஓட்டல்காரரின் போனை எடுக்கவேயில்லை. "எப்பவோ காஞ்சிட்ச்சே, இன்னும் இன்னாத்துக்கு மூட்டிக்கினு கீறீங்க?" என்று அம்மா கேட்டபோதும் இன்னொரு கூடை கரியை அள்ளிப் போட்டார். ஊற்றிய அன்றைக்கு எங்களைக் கொட்டகைப் பக்கமே விடவில்லை. சாமி படத்துக்கு முன்னால் அம்மாவும் சித்தியும் உட்கார்ந்திருந்தார்கள். சத்தம் ஒன்றும் வரவில்லை.

நன்றாக ஆறிய பிறகு குழியைத் தோண்டி, மண்கூட்டை உடைத்து, சங்கிலி போட்டுப் பீரங்கியை மேலே தூக்கினார்கள். வேலையாட்கள் சந்தோஷத்தில் கத்தினார்கள். நைனா மட்டும் குழி ஓரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழ ஆரம்பித்தார்.

பீரங்கி கெட்டுப்போய்விட்டது என்று நான் பயந்துபோனேன். ஓடிப்போய் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, வாயிலிருந்து அடிவரை தடவிப் பார்த்தேன். ஒரு விரிசல்கூட இல்லை. திரும்பி ஓடிவந்து நைனாவின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"அழுவாத நைனா. எங்கியும் ஒடையல. இந்த வாட்டி நல்லா காய வெச்ச இல்ல, அதான் ஒண்ணும் ஆவல."

இதைக் கேட்டால் அழுகை நின்றுவிடும் என்று நினைத்தேன். அவர் என் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு முன்னைவிடப் பெரிதாக அழுதார். நல்ல சேதி சொன்னவளை ஏன் தள்ளிவிட்டார் என்று தெரியாமல், அன்று முழுக்க நைனாவோடு நான் பேசவில்லை.