காத்தாயி செய்த ஸ்டிரைக்

அறுபத்தெட்டாம் வருஷக் குறுவை. புது ஆட்சி வந்தும் வயலில் எதுவும் மாறவில்லை. கூலி உயர்வு கேட்டு சேரி ஜனம் வேலையை நிறுத்தியது. கல்யாணம் என்ற மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். ஜனம் வரப்பில் மறித்து நின்றது. முன்னால் காத்தாயி, பக்கத்தில் அவள் புருஷன் கண்ணுசாமி.

பண்ணையின் அடியாள் சாமிதுரை மூங்கில் தடியைக் கண்ணுசாமியின் முழங்காலில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் காத்தாயிக்குக் கேட்டது. சேற்றில் குப்புற விழுந்தவனின் கழுத்தில் ஏறி நின்று மிதித்தான். கண்ணுசாமியின் கைகள் சேற்றை அளைந்தன, பிறகு ஓய்ந்தன.

காத்தாயி இடுப்பில் செருகியிருந்த கருக்கரிவாளை உருவி சாமிதுரையின் தோளில் வெட்டினாள். திரும்பியவனின் கையிலும் வெட்டினாள். புருஷனைப் புரட்டிப்போட்டு, வாயில் விரலை விட்டுச் சேற்றைத் தோண்டி எடுத்தாள். மூச்சு வந்தது. போலீஸ் அவளைத் தலைமயிரைப் பிடித்து வேனுக்கு இழுத்துப் போனது. ஸ்டேஷனில் விழுந்த அறையில் முன்பற்கள் போயின.

கோர்ட்டில் எல்லாம் இங்கிலீஷில் பதிவானது. குற்றப்பத்திரிகையைப் பார்த்த கிளார்க் பாதித் தமிழில் கேட்டார், அன்றைக்கு ஸ்டிரைக் பண்ணினது உண்மைதானா என்று. விவசாயச் சங்கக் கூட்டத்தில் காத்தாயி தினம் கேட்ட வார்த்தை அது.

"பண்ணினேங்க," என்றாள்.

அடித்ததை ஒப்புக்கொண்டாள் என்று கிளார்க் எழுதிக்கொண்டார். அவளுடைய வக்கீல் அனந்தநாராயணன் எழுந்தார். அந்த வார்த்தைக்கு அடிப்பது என்றும் பொருள், வேலையை நிறுத்துவது என்றும் பொருள். இவள் சொன்னது இரண்டாவதை என்றார். அந்த வரியை அடித்துவிடக் கேட்டபோதும் இங்கிலீஷில் அதே வார்த்தைதான் வந்தது. மாஜிஸ்ட்ரேட் ஒப்புக்கொண்டார்.

அனந்தநாராயணன் அவளருகே வந்து குனிந்தார். "இல்லைன்னு மட்டும் சொல்லுங்க. அவங்க சாட்சி நிக்காது. வீட்டுக்குப் போயிடலாம்."

மாஜிஸ்ட்ரேட் இம்முறை தானே தமிழில் கேட்டார். "சாமிதுரையை வெட்டினியா?"

காத்தாயி கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். "வேலையையும் நிறுத்தினேங்க, அவனையும் வெட்டினேங்க. வெட்டலைன்னு சொன்னா, எம்புருஷன் கழுத்துல யாருமே ஏறி நிக்கலைன்னு ஆயிடுமே."

ஒரு வருஷம் திருச்சி ஜெயிலில் இருந்தாள். சாமிதுரை மேல் வழக்கே இல்லை. திரும்பி வந்தபோது கூலி உயர்ந்திருந்தது. கண்ணுசாமியின் கால் மட்டும் நிமிரவில்லை. இருவருக்கும் சேர்த்து அவளே அறுக்கப் போனாள்.

முதல் நாளே சாமிதுரை வரப்பில் வந்து நின்றான். வலது கை தொங்கிக் கிடந்தது. தரையோடு ஒட்ட அறுக்கச் சொன்னான். அவள் நிமிர்ந்து, அவன் வரப்பை விட்டு இறங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு குனிந்து அடுத்த பிடியை அறுத்தாள்.