சிகரெட் பிடித்தது நான்தான்

பதினொரு வருடமாக எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையில் சிகரெட் பிடிக்கிறவர் என்று பெயர் வாங்கியவர் என் கணவர். ஒருநாளும் அவர் பிடித்ததில்லை. மூலைக்கடையில் இரண்டு மூன்றாக உதிரிச் சிகரெட் வாங்கி வருவார். மொட்டைமாடியில், தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் நின்று பிடிப்பவள் நான்.

போன வருடம் படி ஏறினால் மூச்சு வாங்கத் தொடங்கியது. டொக்டர் சுற்றி வளைக்கவில்லை. கையில் ஒட்ட நிக்கோட்டின் பிளாஸ்டர், கிழமைக்கு ஒருமுறை ஆலோசனை என்று எழுதித் தந்தார். சிகரெட்டைத் தனியாக விட முடியாது என்று எனக்கும் தெரியும். முன்பு இரண்டு முறை தோற்றவள். பிளாஸ்டரின் விலையைக் கேட்டதும் அரச ஊழியருக்கான காப்புறுதி நினைவுக்கு வந்தது. இருபது வருடமாக என் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். பெண் என்று ஒரு மாதமும் குறைத்துப் பிடித்ததில்லை.

நான் வேலை செய்யும் கந்தோரில் காப்புறுதிப் படிவங்களைப் பார்க்கும் இளம்பெண் என்னுடையதை வாசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அக்கா, நோயாளி எண்ட இடத்தில அண்ணையின்ர பேரைப் போடுங்கோவன். ஆம்பிளை எண்டால் ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம்.”

நல்ல மனதோடுதான் சொன்னாள். அதுதான் எனக்கு எரிச்சல். வீட்டில் சொன்னால், இவரும் அதே பாட்டு.

“என்ர பேரிலயே போடும். எனக்கென்ன, பழகிப்போச்சு.”

“என்ர நெஞ்சுக்கு நீங்கள் மருந்து எடுப்பியளோ?” என்று கேட்டேன். தேத்தண்ணி போடப் போனார்.

என் பெயரிலேயே கொடுத்தேன். கையெழுத்துப் போடும் முன் மேலதிகாரி, மகனுக்கா என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை சேர், எனக்குத்தான் என்றேன். மத்தியானத்துக்குள் கந்தோர் முழுக்கத் தெரிந்துவிட்டது. வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே சோற்றுப் பார்சலை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

மூன்றாம் மாதம் பதில் வந்தது. புகைத்தல் பழக்கமாம், நோயல்லவாம், கொடுப்பனவு இல்லை. நாளைக்குப் புற்றுநோய் என்று போய்ப் படுத்தால் கொடுப்பார்கள். கடிதத்தின் தலையில் திரு / திருமதி என்று அச்சடித்திருந்ததில் யாரோ திருமதியை வெட்டியிருந்தார்கள். பக்கத்திலேயே என் பெயர் இருந்தது.

அதற்குள் சொந்தக் காசில் பிளாஸ்டர் வாங்கி ஒட்டி, சிகரெட்டை விட்டிருந்தேன். போனால் போகட்டும் என்று இருந்திருக்கலாம். இருக்க மனம் வரவில்லை. மேன்முறையீடு எழுதி, வெட்டிய இடத்துக்கு மேலே திருமதி என்று அழுத்தி எழுதி, அந்தக் கடிதத்தையும் இணைத்து நேரே காப்புறுதிக் கந்தோருக்குக் கொண்டுபோனேன். பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். பெற்றதாக முத்திரை குத்தும்வரை கவுண்டரை விட்டு நான் நகரவில்லை.