பின்கண்ணாடியில் லண்டன்

எங்கள் தீவுகளில் ஒரு பொருள் தானாக வந்து நிற்க முடியாது. அதை யாராவது தந்திருக்க வேண்டும். தந்தவரின் பெயரும் அதில் எழுதியிருக்க வேண்டும். கோயில் மணியில் கனடா, பாடசாலைத் தண்ணீர்த் தொட்டியில் சுவிஸ், மயானத்து மண்டபக் கதிரைகளின் முதுகில் ஜெர்மனி. இறுப்பிட்டியில் நான் கணிதம் படிப்பிக்கும் பாடசாலைக்கு அருகே ஒரு பஸ் தரிப்பிடம் இருக்கிறது. அதன் கூரை ஒழுகும். அதைக் கட்டித்தந்த குடும்பத்தின் பெயர்ப்பலகை ஒழுகாது. மாரிக்காலத்தில் நாங்கள் கூரையை விட்டுவிட்டுப் பலகைக்குக் கீழேதான் ஒதுங்குவோம்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு பார்த்தவள் நான். பிறகு அது என் காருக்கு வந்தது.

முதலில் அது யாருடைய கார் என்று சொல்லிவிடுகிறேன். அது என்னுடையது. இருபத்திரண்டு வருடம் வெண்கட்டி பிடித்த சம்பளத்தில், நானே போய்ப் பார்த்து, நானே பேரம் பேசி வாங்கியது. வெள்ளை நிறம், சின்னது, யப்பானில் யாரோ ஓட்டிக் களைத்தது. அதற்கு முன் சரவணையிலிருந்து இறுப்பிட்டிக்கு ஸ்கூட்டரில்தான் போய்வந்தேன். கடலுக்கு நடுவே போகும் பாலத்தில் சேலையைப் பிடிப்பதா, ஸ்கூட்டரைப் பிடிப்பதா என்று தினமும் ஒரு போராட்டம். கார் வந்த முதல் நாள் வீட்டு வாசல் படலையடியில் நிறுத்திவிட்டு இறங்க மனமில்லாமல் உள்ளேயே இருந்தேன். குடியிருக்கும் வீடுகூட அப்பா சீதனமாகத் தந்தது. நானாக எனக்கென்று வாங்கிய பெரிய பொருள் இது ஒன்றுதான்.

வாங்கும்போதே வலது பக்கக் கதவுகளில் நீளமான கீறல்கள் இருந்தன. கோயில் திருவிழாவுக்கு லண்டனிலிருந்து வந்திருந்த கணவரின் தமையன், காரை ஒருதரம் சுற்றிவந்தார்.

"இதென்ன, பூனை பிறாண்டின மாதிரி? ரவுணிலை ஸ்ரிக்கர் ஒட்டுற கடையள் இருக்குதாம். வடிவா ஒட்டுவியுங்கோ. அந்தச் செலவு என்ர."

சொன்னபடியே கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினார். ஸ்ரிக்கருக்குத்தான் கொடுத்தார், காருக்கு அல்ல. வாசிப்பவர்கள் இதைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தீவில் ஒருவரும் வைத்துக்கொள்ளவில்லை.

என் கணவர் ஒரு கந்தோரில் எழுதுவினைஞர். அதிகம் கதைக்காத மனிதர். ஒரு சனிக்கிழமை நான் வினாத்தாள்கள் திருத்திக்கொண்டிருக்க, அவர் காரை நகரத்துக் கடைக்குக் கொண்டுபோனார். பொழுதுபடும் நேரம் படலைக்குள் நுழைந்தது என் கார்தான் என்று நம்பச் சற்று நேரம் பிடித்தது. இரண்டு பக்கமும் சிவப்பும் மஞ்சளுமாக நெருப்பு. முன்மூடி பொனற்றில் இறக்கை விரித்த கழுகு. முன்கண்ணாடியில் "அம்மன் துணை". அட்சரகணிதம் படிப்பிக்கும் ஐம்பது வயதுக்காரி இப்படி நெருப்பைக் கக்கிக்கொண்டு வந்திறங்கினால் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? ஆனாலும் கீறல்கள் மறைந்திருந்தன. நெருப்பை மன்னிக்கலாம் என்று நினைத்துக்கொண்டு பின்பக்கம் போனேன்.

பின்கண்ணாடி முழுவதும் மஞ்சள் எழுத்து. "அன்பளிப்பு" என்று தொடங்கி, தமையனின் முழுப்பெயர், அவருடைய மனைவி, மூன்று பிள்ளைகள், கடைசியில் லண்டன். பெயர்களை இங்கே எழுதமாட்டேன். அரையடி எழுத்தில் அவை ஏற்கெனவே தீவைப் பலதரம் சுற்றிவிட்டன.

"இதென்ன இது?" என்றேன்.

"கடைக்காரன் போட்டிட்டான். எல்லா வாகனத்துக்கும் உப்பிடித்தானாம் போடுறவன்."

"கழட்டச் சொல்லியிருக்கலாமெல்லோ?"

"அண்ணை குறை நினைப்பார்," என்றுவிட்டுக் கணவர் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

நான் அதை நம்பினேன். பெயர் போடாமல் கதிரைகூட வாங்காத ஊரில், கடைக்காரன் தன் பாட்டில் போட்டிருப்பான் என்பதில் நம்ப முடியாதது ஒன்றுமில்லை.

காரின் படம் லண்டனுக்குப் போனது. தமையன் உடனே அழைத்தார். "என்ர பேரை ஏன் போட்டனீங்கள்? நான் ஸ்ரிக்கருக்கு மட்டுமெல்லோ தந்தனான்?" நல்ல மனிதர் என்று நினைத்தேன். அடுத்த மாதம், "கார் எப்பிடி ஓடுது?" என்று விசாரித்தார். அதற்கடுத்த மாதம், "உப்புக்காத்து. கழுவிக் கழுவிப் பாவியுங்கோ," என்றார். நாலாம் மாதம், "நான் தந்த கார்" என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது. அவரைக் குறைசொல்ல முடியாது. ஊரே சேர்ந்து ஒருவருக்கு நன்றி சொல்லும்போது, எத்தனை நாளைக்குத்தான் அவர் மறுப்பார்?

ஊர் நன்றி சொன்னது. கோயிலில் ஒரு பெண் என் கையைப் பிடித்து, "குடுத்து வைச்சனீங்கள். எங்களுக்கும் இருக்கினமே மைத்துனர்மார்," என்று கண்கலங்கினாள். "இது நான் வாங்கின கார்," என்றேன். "ஓம் ரீச்சர், ஓம்," என்றாள். சின்னப்பிள்ளை தனக்குக் காய்ச்சல் இல்லை என்று சொன்னால் எப்படிச் சொல்வோமோ, அப்படி. பாடசாலை அதிபர் என்னைத் தனியே கூப்பிட்டார். "உங்களுக்கே கார் தந்தவர் பள்ளிக்கூடத்துக்கு ஒரு போட்டோக்கொப்பி மெசின் தரமாட்டாரோ? ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ." நான் வாங்கினதென்று அவருக்கும் விளக்கினேன். விளக்கி முடித்த பிறகு, "அப்ப எப்ப கேக்கிறீங்கள்?" என்றார். நிறுவலின் கடைசி வரி வரை எழுதிக்காட்டியும் முதல் வரியிலேயே நிற்கும் மாணவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களில் ஒருவர் அதிபராக வருவார் என்று எதிர்பார்க்கவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடலாமா என்பார்கள். எங்கள் ஊருக்கு வாயில் ஒரு குறையுமில்லை. காதுதான் மூடியிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. கூச்சப்படாமல் சொல்கிறேன், அழுகையும் வந்தது. இருபத்திரண்டு வருட வேலையை அரையடி எழுத்து தின்றுவிட்டது.

பிறகு லண்டனிலிருந்து தமையனின் நண்பர்கள் வந்தார்கள். அவர்கள் நயினாதீவுக்குக் கும்பிடப் போக, குறிகட்டுவான் துறைவரை வாகனம் வேண்டுமாம். "எங்கட கார் அங்கை நிக்குது, அனுப்பிவிடுறன்," என்று தமையன் சொல்லியிருக்கிறார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

"நாளைக்குப் பள்ளிக்கூட நாள்," என்றேன்.

"நான் ஓமெண்டிட்டன். ஒரு நாளைக்குத்தானே," என்றார் கணவர்.

அடுத்த நாள் காலை பஸ்ஸில் ஏறினேன். பாலத்தடியில் என் சொந்தக் கார் எங்கள் பஸ்ஸை முந்திக்கொண்டு போனது. உள்ளே கணவரும், கறுப்புக் கண்ணாடி போட்ட நாலு பேரும். பின்கண்ணாடியை பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் வாசித்தார்கள். பக்கத்தில் இருந்த மீன்கார அக்கா என் காதுக்குள் மெதுவாகக் கேட்டாள்:

"காரைத் திருப்பி வாங்கிப்போட்டினமோ, பிள்ளை?"

அந்தச் சனிக்கிழமை காரை நானே ரவுணுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். கணவரும் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

ஸ்ரிக்கர் கடைக்காரருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வேலையில் சுத்தமான மனிதர். சூடான காற்றைப் பாய்ச்சி, எழுத்தின் ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, வாழைத்தண்டில் நார் உரிப்பதுபோல மெதுவாக இழுத்தார். மூன்று பிள்ளைகள் போனார்கள், மனைவி போனார், கடைசியாக லண்டன் போனது. நெருப்பையும் கழுகையும் தொட வேண்டாம் என்றேன். உண்மையைச் சொன்னால் அந்த நெருப்பு எனக்குப் பிடித்துப்போயிருந்தது.

"இந்த இடத்தை வெறுமனே விட்டால் வடிவில்லை அக்கா. என்ன போட?"

"என்ர பெயரைப் போடும் தம்பி."

அவர் கொம்பியூட்டரில் தட்டினார். அதே மஞ்சளில், அதே அரையடியில் என் பெயர் திரையில் வந்தது. பார்க்க எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது.

"கீழை எந்த நாடெண்டு போட?"

"நாடு ஒண்டும் இல்லை. நான் சரவணையிலைதான் இருக்கிறன். இது என்ர சம்பளத்திலை நான் வாங்கின கார். நீர் ஆரையும் கேக்காமல் லண்டன் எண்டு ஒட்டிவிட்டிட்டீர். நான் ஊரெல்லாம் மாரடிக்க வேண்டிக்கிடக்கு."

கடைக்காரர் தட்டுவதை நிறுத்தினார். அவர் முகம் வாடிப்போனது.

"கேக்காமல் நான் ஒட்டமாட்டன் அக்கா. அண்டைக்கு நான் ஸ்ரிக்கர் மட்டுந்தானே எண்டு கேட்டனான். அண்ணைதான் சொன்னவர், தமையன் வாங்கித் தந்த கார், பெயர் கட்டாயம் போடோணும் எண்டு. பெயருகளையும் அவர்தான் ஒரு துண்டிலை வடிவா எழுதித் தந்தவர்."

கணவர் கடை வாசலில் நின்று வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தது என்பது முதுகிலேயே தெரிந்தது.

என் பெயரை ஒட்டி, தண்ணீர் தெளித்து, தகட்டால் தேய்த்து, காற்றுக் குமிழ்களையெல்லாம் வெளியே தள்ளி முடித்தார் கடைக்காரர். திரும்பி வரும்போது நான்தான் ஓட்டினேன். ரவுணிலிருந்து தீவுக்கு வரும் பண்ணைப் பாலம் தாண்டி வேலணைக்குள் வந்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"மனுசி வாங்கின கார் எண்டு சொல்ல உங்களுக்கு வெக்கமா இருந்ததோ?"

எப்போதும் போல ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார்.

"ஓம்," என்றார்.