துவாலு கிணறும் ஸ்டெல்லா அக்காவின் பருப்பும்

இன்று எங்கள் ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில், சாப்பாட்டு நேரத்தில், பசிபிக் தீவு நாடான துவாலுவிலிருந்து நான் தமிழாக்கிய ஒரு கவிதையை வாசித்துக் காட்டினேன். கடல் ஏறிக் கிணறு கெட்டுப்போன ஒரு தீவைப் பற்றியது.

சூப்பர்வைசர் சிரித்தார். "துவாலுவா? மேப்புல இருக்கா அந்த ஊரு?"

தையல் பிரிவு ஸ்டெல்லா அக்கா அவரைத் திரும்பியே பார்க்கவில்லை. "தம்பி, அந்த கெணறு வரிய இன்னொரு தபா படி."

"உவர்நீர்க் கிணறு" என்று படித்தேன்.

"இன்னா உவர்நீரு? பருப்பு வேகாத தண்ணின்னு எழுதுப்பா. தோல் பதனிடுற கம்பெனிங்க கழுவி வுட்ட தண்ணி எங்க கெணத்துல எறங்குனதுலேர்ந்து அதான் எங்க வீட்டு கதை."

அப்படியே மாற்றிவிட்டேன். துவாலுவுக்கு இவரைவிட நல்ல மொழிபெயர்ப்பாளர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்கமாட்டார்.

அங்கே கிணற்றைக் கெடுத்தது கடல். இங்கே கெடுத்தவர்களுக்கு பங்களா இருக்கிறது.

மேப்பில் இருக்கிற ராணிப்பேட்டைக்காரர்களே, உங்கள் வீட்டில் பருப்பு வேகிறதா?