பெயர்கள் வரும் அதிகாரம்

செலின் முதலில் செருப்பைக் கழற்றுவார். வீங்கிய பாதங்களைச் சிவப்புச் சிமெண்ட் தரையில் அழுத்தி வைத்து, குளிர்ச்சி ஏறும்வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பார். பிறகு மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, "எந்த எடம்? கையை வெச்சுக் காட்டுங்க" என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பார். பெயர்கள் வரும் அதிகாரம் என்றால் அது செலினுக்கு. எங்கள் புதன்கிழமைக் கூட்டத்தில் யாரும் போடாமலே நிலைத்துவிட்ட சட்டம் அது.

மைசூரில் மண்டி மொஹல்லாவைச் சுற்றியிருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் சில சேர்ந்து, வாரம் ஒரு வீட்டில் கூடி, வேதாகமத்தைத் தொடக்கத்திலிருந்து வரிசையாக வாசித்து வருகிறோம். ஒருவருக்கு ஓர் அதிகாரம். பெருவெள்ளம், எரியும் முட்செடி, கோலியாத்து இவற்றுக்கெல்லாம் போட்டி உண்டு. இன்னான் இன்னானைப் பெற்றான், அவன் இன்னானைப் பெற்றான் என்று பக்கம் பக்கமாக ஓடும் வம்ச வரலாறு வந்தால் மட்டும் எல்லோருக்கும் தொண்டை கட்டிவிடும். கன்னடப் பள்ளியில் படித்த எங்கள் பிள்ளைகளுக்கு 'தம்பி' என்று எழுதவே தடுமாற்றம். அவர்களிடம் நேபுகாத்நேச்சாரைக் கொடுப்பது பாவம்.

செலினுக்குத் தடுமாற்றம் இல்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கும் சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றில் இளவயதிலிருந்து நர்ஸ். வார்டு வாசலில் நின்று, "நஞ்சம்மா கடெயவரு யாரு? பன்னி" என்று நஞ்சம்மாவின் ஆட்களை வரச்சொல்லிக் கன்னடத்தில் கூப்பிடுகிற அதே குரலில்தான் மெத்தூசலாவையும் கூப்பிடுவார். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, பக்தி வழிவதும் இல்லை. வரிசையில் நிற்பவர்களை ஒவ்வொருவராக உள்ளே விடுவது போல இருக்கும்.

கல்யாணம் ஆகவில்லை. தங்கைகளை ஒவ்வொருத்தியாகக் கரையேற்றியதில் வயது போய்விட்டது. ஏன் என்று கேட்டால், "டைம் எல்லி இத்து?" என்று கன்னடத்தில் திருப்பிக் கேட்பார், நேரம் எங்கே இருந்தது என்று. ஆராதனை நடக்கும்போது பின்வரிசையில் குழந்தை அழுதால், திரும்பிப் பார்க்காமலே "பசி" என்றோ "வயித்துல காத்து" என்றோ முணுமுணுப்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். தப்பாக இருந்தால், "அப்போ கெட்ட பிள்ளை" என்பார்.

வம்ச வரலாற்றின்மேல் அவருக்கு ஒரே ஒரு குறைதான். "பெற்றான், பெற்றான்னு எழுதி வெச்சிருக்காங்க. இவங்க எங்க பெத்தாங்க? வெளிய பெஞ்சுல உக்காந்து பீடி குடிச்சிருப்பாங்க."

தொண்ணூற்றேழாம் ஆண்டு மழை ஓய்ந்த சமயம், கூட்டம் தேவநேசன் வீட்டுக்கு வந்தது. தேவநேசன் ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். அவருக்கும் அவர் மனைவி லீலாவுக்கும் ஒரே மகன் நீல். படிப்பை முடித்து, வேலை கிடைத்து, புது மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவன். கோடையில் ஒருநாள் ஸ்ரீரங்கப்பட்டணத்தைத் தாண்டி ஒரு லாரி அவனை அடித்துப் போட்டுவிட்டது. அதன்பின் அந்த வீட்டில் யாரும் அவன் பெயரைச் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. 'அவன்', 'தம்பி' என்று சுற்றி வளைத்தோம். பெயரைத் தொட்டால் எதுவோ உடைந்துவிடும் போல ஒரு பயம்.

இதற்கிடையில் கொள்ளேகாலத்திலிருந்து தேவநேசனின் தம்பி வந்து போய்க்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டு மகன்கள். அடக்கம் முடிந்த அன்றே, "சின்னவனை நீங்க வெச்சுக்கோங்கண்ணா. உங்க பேரு சொல்ல ஒருத்தன் வேணுமல்லங்க? இல்லாட்டி வம்சம் இதோட அத்துப்போயிருமுங்க" என்றார். அவர் மனதில் கெட்டது எதுவும் கிடையாது. மறுக்கவும் தெம்பில்லாமல் தேவநேசன் தலையாட்டி வைத்தார். தம்பி மகன் வந்து தங்க நீலின் அறையைக் காலி செய்வதாகப் பேச்சு. லீலா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அடுப்படியிலேயே இருந்தார்.

அந்தப் புதன்கிழமை வரிசைப்படி வந்து நின்றது நாளாகமப் புத்தகத்தில் யூதாவின் வம்சம். எங்கள் இளம் போதகர் அதைப் புரட்டிப் பார்த்ததும் முகம் மாறி, "இன்னிக்கு சங்கீத புஸ்தகத்துலேருந்து ஒண்ணு வாசிக்கலாமே" என்றார்.

தேவநேசன் நிமிர்ந்தார். "வேண்டாங்கய்யா. எல்லாரும் எங்களுக்காக எல்லாத்தையும் மாத்தறீங்க. நான் வந்தா பேச்சை மாத்தறீங்க. அலுப்பா இருக்கு. எது வருதோ அதையே வாசிங்க."

செலின் பகல் டூட்டி முடித்து நேராக வந்திருந்தார். பாதத்தைத் தரையில் வைத்தார், கண்ணாடியைத் துடைத்தார், ஆரம்பித்தார். நான் என் புத்தகத்தில் விரலை ஓட்டிக்கொண்டே போனேன். போதகரின் முகம் ஏன் மாறியது என்று அப்போதுதான் புரிந்தது. நாதாப் என்று ஒருவன். அவனுக்குச் சேலேத், அப்பாயிம் என்று இரண்டு மகன்கள். அதில் சேலேத் பிள்ளையில்லாமல் இறந்துபோனான் என்று வருகிறது. அந்த ஒரு வரியைத் தாவியிருந்தால் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. தெரிந்தவர்கள் மனதுக்குள் நன்றி சொல்லியிருப்போம். செலின் தாவவில்லை. மற்றப் பெயர்களைப் போலவே சேலேத்தையும் கூப்பிட்டு, அவன் பிள்ளையில்லாமல் செத்ததையும் சொல்லிவிட்டு, அப்பாயிமுக்குப் போனார்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"சிஸ்டர், கொஞ்சம் நில்லுங்க" என்றார் தேவநேசன். போதகரிடம் திரும்பினார். "பிள்ளை இல்லாம செத்தவன் பேரை எதுக்குங்கய்யா எழுதி வெச்சிருக்காங்க?"

"இந்த வம்சமெல்லாம் தாவீது ராஜா வரைக்கும் எப்படி வந்துச்சுன்னு காட்டறதுக்காக அண்ணா..."

"அந்தப் பையன் வழியா யாரும் வரலையே. முட்டுச்சந்து மாதிரி நின்னுபோச்சே. விட்டுட்டுப் போயிருக்கலாமே."

போதகர் அந்த வரியை மறுபடி வாசித்துப் பார்த்தார். "ஆமாண்ணா. எனக்குப் பதில் தெரியல" என்றார். நேர்மையான பிள்ளை.

செலின் விரலை உள்ளே வைத்தபடி புத்தகத்தை மூடினார். மற்றக் கையால் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே பேசினார்.

"எனக்கும் தெரியாதுண்ணா. வார்டுல நடக்கறதைச் சொல்றேன். சில குழந்தை பிறந்து கொஞ்சம் மூச்சு விட்டுட்டு அன்னிக்கே போயிடும். அதுக்கும் இன்னார் குழந்தைன்னு கையில பட்டி கட்டணும். புதுசா வர்ற பொண்ணுங்க கேக்கும், 'இனிமே எதுக்கு சிஸ்டர்'னு. பிறந்துச்சு இல்லையா? கட்டுடின்னுவேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "சேலேத்துக்கு அப்புறம் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. வாஸ்தவம். ஆனா நாதாபுக்கு மகன் சேலேத்துங்கறது பொய்யாயிடல இல்ல? செத்துட்டான்னு அதை அடிச்சுடல. வேற யாரையும் கொண்டு வந்து அந்த எடத்துல உக்கார வெக்கவும் இல்ல. பேரு காலியா நின்னாலும் அவன் பேருதான் நிக்குது."

லீலா அடுப்படி வாசலில் வந்து நின்றிருந்தார். கையில் கரண்டி. "அந்த வரியை இன்னொரு தரம் வாசிங்கக்கா."

செலின் வாசித்தார். அதே குரல்.

"தேவநேசனுக்கு மகன் நீல்" என்றார் தேவநேசன், யாரிடமும் இல்லாமல். கோடைக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் அந்தப் பெயர் அப்போதுதான் ஒலித்தது.

"பெத்தவ நான்" என்றார் லீலா. "என் பேரையும் சேர்த்துச் சொல்லுங்க."

செலின்தான் சொன்னார். வார்டு வாசலில் நின்று கூப்பிடுவது போல, அந்தக் கூடம் முழுவதும் கேட்கிற மாதிரி: "லீலாவுக்கும் தேவநேசனுக்கும் மகன் நீல்."

பிறகு, "மிச்சத்தை முடிச்சுடறேன். காலைல டூட்டி இருக்கு" என்று அதிகாரத்தை முழுவதும் வாசித்து முடித்தார். தேவநேசன் அழுதுகொண்டே கேட்டார்.

அடுத்த முறை கொள்ளேகாலத்திலிருந்து தம்பி வந்தபோது, தன் சின்ன மகனின் பெட்டியோடு வந்தார். தேவநேசன் அவரைத் திண்டாட விடவில்லை. "பையன் லீவுக்கு வரட்டும், தங்கட்டும், சாப்பிடட்டும். பெரியப்பா வீடுதானே. ஆனா அவன் உனக்கு மகனாவே இருக்கட்டும்ப்பா. எனக்கு மகன் இருந்தான்" என்றார். தம்பிக்கு மனம் நொந்துவிட்டது. சாப்பிடாமல் பஸ் ஏறினார். நீலின் அறை அப்படியே இருந்தது. அதனால் எதுவும் லேசாகிவிட்டதாகச் சொல்ல மாட்டேன். தேவநேசன் ஷிப்டுக்குப் போனார், வந்தார், பாதித் தட்டில் எழுந்தார். அவன் பெயரை மட்டும் இப்போது எல்லோரும் சொன்னோம்.

ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் நான் செலினிடம் கேட்டுவிட்டேன், உங்களுக்குப் பிறகு யார் என்று. அவருக்குக் கோபம் வரவில்லை. "எங்கப்பாவுக்கு மகள் செலின். ஃபுல் ஸ்டாப். அதுக்கு முன்னாடி ஒருவாரம் ஒழுங்கா தூங்கக் கொடுத்து வெச்சா போதும்."

கிறிஸ்துமசுக்கு முந்திய ஞாயிறு. ஆராதனை முடிந்து ஆலய வாசலில் செலினும் நானும் ஆட்டோவுக்காக நின்றிருந்தோம். லீலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஏதோ நெடுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்பவர் போல, செலினின் முழங்கையைப் பிடித்தார்.

"அக்கா, நீல் பிறந்தப்போ நீங்கதானே தியேட்டர்ல இருந்தீங்க?"

"ஆமா. ஆபரேஷன் கேஸ்."

"எனக்கு மயக்கம் கொடுத்துட்டாங்க. மறுநாள்தான் பார்த்தேன். முதல்ல வாங்கினது நீங்கதான். எப்படி இருந்தான்?"

எத்தனை பிள்ளைகளை வாங்கிய கைகள் அவை. ஆட்டோ வந்து நின்று ஹாரன் அடித்தது. செலின் திரும்பவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, விரல்களைப் புடவையில் துடைத்தார். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் குவித்து, உள்ளே ஏதோ கனப்பது போல மெல்லத் தாழ்த்தி, அப்படியே லீலாவின் கைகளுக்குள் வைத்தார்.