உடுவில் மதகடியில் நின்ற மாப்பிள்ளைக் கார்

றோட்டு வேலைகளைப் பார்க்கும் கந்தோரில் நான் மேற்பார்வை ஓவசியராக இருந்த காலத்தில், றோட்டுக்குக் கீழால் தண்ணீர் ஓடும் ஒரு மதகை உடைத்துக் கட்டுவதென்றால் முன்கூட்டியே ஊருக்கு அறிவிக்க வேண்டும். சந்தைச் சுவரில் அறிவித்தல் ஒட்டுவோம். மதகை அண்டிய வீடுகளுக்கு நானே சைக்கிளில் போய்க் கடதாசி கொடுத்துக் கையெழுத்து வாங்குவேன். கையெழுத்து வாங்கினால் கடமை முடிந்தது என்று நினைக்கிற வயது எனக்கு.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் ஓர் ஆவணி மாதம். மழைக்கு முன் உடுவில் மதகை முடிக்கும்படி கந்தோர்த் துரை நெருக்கிக்கொண்டிருந்தார். மதகுக்கு அப்பால் நாலாவது வீடு சின்னத்தம்பியருடையது, புகையிலை பயிரிடும் கமக்காரர். நான் போனபோது வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். மூத்த மகளுக்குக் கலியாணம், மாப்பிள்ளைக்குச் சண்டிலிப்பாய் ஊர். மதகு வெட்டுகிற அதே நாள்! வேலை நாளை மாற்ற எனக்கு அதிகாரமில்லை.

“மாப்பிள்ளை வீட்டாரை இணுவிலாலை சுத்தி வரச்சொல்லுங்கோ, ஐயா” என்றேன்.

கடதாசியில் ‘பாதை அடைக்கப்பட்டிருக்கும்’ என்ற வரியில் அவருடைய விரல் நின்றது.

“ஓம் தம்பி, சொல்லிவிடுறன்” என்று கையெழுத்துப் போட்டார். பயித்தம் பணியாரமும் தந்தார். நான் நாலு சாப்பிட்டேன்.

கலியாணத்தன்று காலை மதகுக்கு வெட்டிய கிடங்கு இடுப்பளவு ஆழம். பூமாலை கட்டிய இரண்டு கார்கள் வந்து அக்கரையில் நின்றன. முகூர்த்தத்துக்கு அரைமணி நேரம்கூட இல்லை; இனி இணுவிலால் சுற்றிவர நேரம் போதாது. மாப்பிள்ளையின் மாமன் இறங்கி வந்து சத்தம் போட்டார்.

“ஆர் இஞ்சை ஓவசியர்? சொல்லாமல் கொள்ளாமல் றோட்டை வெட்டி வைச்சிருக்கிறியள்!”

எனக்கு ரோசம் வந்துவிட்டது. கடதாசியை எடுத்து நீட்டினேன். “பொம்பிளையின்ரை தேப்பன் கையெழுத்துப் போட்டிருக்கிறார், பாருங்கோ.”

அவர் முகம் கறுத்தது. “அப்ப தெரிஞ்சுகொண்டே எங்களுக்கு மறைச்சவரோ? இந்தச் சம்பந்தம் வேண்டாம். காரைத் திருப்பு!”

என்னைக் காப்பாற்ற ஒரு பெண்ணின் கலியாணத்தையே குழப்பிவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. தகவல் கேட்டுச் சின்னத்தம்பியர் ஓடி வந்தார். மேலெல்லாம் வியர்வை.

“கலியாணம் பேசின வாயாலை வழி அடைச்சிருக்கெண்டு எப்பிடி அண்ணை சொல்லுறது? அபசகுனமெண்டு எனக்கு நாக்கு எழும்பேல்லை.”

நான் மேசன்மார் ஏறி நின்று கட்டும் சாரப் பலகைகளைக் கிடங்குக்குக் குறுக்கே போடச்சொல்லி, கீழே இறங்கிக் குனிந்து தோளால் முண்டு கொடுத்தேன்.

“பிழை என்னிலை, ஐயா. பலகை ஆடாது. நடந்து வாங்கோ.”

மாமன் சின்னத்தம்பியரின் கும்பிட்ட கைகளைப் பார்த்தார். “சரி, வெளிக்கிட்ட மாப்பிள்ளை வந்த வழி திரும்பக்கூடாது. இறங்கு தம்பி” என்றார். மாப்பிள்ளை தலைப்பாகையோடு என் தலைக்கு மேலால் நடந்து போனார். பெண்வீட்டார் மதகடிக்கே ஆராத்தி கொண்டுவந்தார்கள். மேளம் முழங்க, சேற்றுக்குள் நின்று அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

மதகின் மிச்ச வேலைக்கான அடுத்த அறிவித்தலை வேறுவிதமாக எழுதினேன்: ‘உடுவிலுக்கு வருவோர் இந்த வாரம் இணுவில் வழியாக வரலாம்.’

தலைமைக் கிளாக்கர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். “றோட்டு அடைப்பெண்டதை எங்கை காணும்?”

“வர வழி சொல்லியிருக்கு, ஐயா. அது போதும்.”

இரண்டு வருடம் கழித்து அதே றோட்டில் மறுபடி வேலை. சின்னத்தம்பியர் வீட்டில் இளைய மகளின் கலியாணம். இம்முறை, வர வழி மட்டும் சொன்ன என் கடதாசியை அவர் சத்தமாக வாசித்தார். பிறகு வெற்றிலைத் தட்டத்தில் வைத்து, தானே மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோனார்.