ஞானமுத்து கொடுத்த வெற்றிலை

தும்புக்கடை ஞானமுத்து காலமாகிவிட்டார் என்று மார்த்தாண்டம் சந்தையில் ஒரு பாய் வியாபாரி சொன்னபோது நான் நம்பவில்லை. எந்த ஞானமுத்து, யார் சொன்னது, எப்போது என்று கேட்டேன். பிறகு வேறு இரண்டு பேரிடமும் விசாரித்தேன். அவர் வீட்டுக்கே போய்ச் சவப்பெட்டியைப் பார்த்த பிறகுதான் மனம் ஒப்புக்கொண்டது. என்னை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. நான் சந்தேகப் பிராணி. அந்த மனிதரைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவரை அதிகமாகச் சந்தேகித்தவன் நான் என்பதுதான் தகுதி.

எங்களுடையது சிதறால் பக்கத்து வில்லுப்பாட்டுக் குழு. நான் தலைப்பாட்டுக்காரன், புலவர் என்பார்கள். உடுக்கை செல்லப்பன், குடம் அடிப்பவர், தாளம் போடுபவர், கட்டை தட்டுபவர் என்று மற்ற நால்வர். பெரியம்மை பரவிய அந்த ஆண்டு, கூட்டம் கூடக்கூடாது, கோயில் கொடைவிழா எதுவும் நடக்கக்கூடாது என்று கிராம அதிகாரியான பார்வத்தியார் ஊர் ஊராகப் பறை அறைவித்தார். எங்களுக்குக் கொடைக்காலம்தான் அறுவடைக்காலம். இரண்டு மாதத்தில் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் தீர்ந்தது. செல்லப்பன் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணியிடம் பேசிவிட்டு வந்தான். உடுக்கை மலையேறிவிட்டால் வில் வெறும் மூங்கில். இருபது ஆண்டுக் குழு கலைந்துவிடும் என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் ஞானமுத்து வந்தார். பனைநாரான தும்பு விற்கிற வியாபாரி, ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிற கிறிஸ்தவர். கையில் வெற்றிலை பாக்கும் அதன்மேல் பணமும் இருந்தன. எங்கள் தொழிலில் வெற்றிலையைப் புலவர் கையில் கொடுத்தால் குறித்த நாளில் குழு முழுவதும் அவருக்குரியது. வேறு யார் அழைத்தாலும் போகக்கூடாது.

"வாற செவ்வாய் தொடங்கி எட்டு செவ்வாய் எனக்காக்கும்," என்றார்.

"எந்தக் கோயிலு?"

"எடம் பெறவு சொல்லுகேன், புலவரே."

கொடையே கிடையாத காலத்தில் கொடைக்கு வெற்றிலை! அதுவும் வேதக்காரர் கையால்! நான் கை நீட்டவில்லை. பக்கத்தில் நின்ற செல்லப்பனோ என் முழங்கையை இடித்தான். வாங்கினேன்.

முதல் செவ்வாய் காலையில் சரக்கு அடுக்கும் தும்புக் கிட்டங்கிக்கு வரச் சொன்னார். ஆளுயரத்துக்கு அடுக்கிய தும்புக்கட்டுகளுக்கு நடுவே எங்களுக்கு ஆளுக்கொரு பாய். எதிரே ஒரு நாற்காலி. அதில் அவர் ஒருவர் மட்டும். "ஒராளு கூட்டம் ஆவாது. பார்வத்தியாரு ஒண்ணும் சொல்ல முடியாது. பாடும்," என்றார். அம்மன் கதை முழுவதையும் அந்த ஒரு மனிதருக்குப் பாடினோம். கண் அவர்மேல் இருந்தாலும் என் கவனம் கதவில்தான் இருந்தது. யாராவது ஒளிந்து நிற்கிறார்களோ? தேர்தல் வரப்போகிறதே, கட்சிப்பாட்டுக்கு ஒத்திகையோ? அல்லது எங்களை மெல்ல மெல்ல ஞானஸ்நானத் தொட்டிக்கு நடத்திப் போகிறாரோ?

முடிந்ததும், எதற்கு இதெல்லாம் என்று கேட்டேன். "சும்மா தந்தா ஒமக்குக் கை கூசும். பாடி வாங்குனா கூசாது. அவ்வளவுதான் வேய்," என்றார். எனக்கு அது வாய்ச்சாலகம் போலப் பட்டது.

விசாரிக்கத் தொடங்கினேன். பத்மநாபபுரத்துப் பக்கம் ஒரு நாதஸ்வரக் குழுவுக்கும் அவர் வெற்றிலை கொடுத்திருந்தார். தோல்பாவைக்கூத்துக் குடும்பம் ஒன்றுக்கும். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கலைஞர்களை மலிவாகக் கைக்குள் போட்டுக்கொண்டு, தடை நீங்கியதும் கோயில்காரர்களிடம் இரட்டை விலைக்கு விற்கப்போகிறார். தும்பு வாங்கி விற்கிற புத்திதானே!

அடுத்த சந்தை நாளில் நாலு பேர் பார்க்க அவர் தராசுத் தட்டில் வெற்றிலையை வைத்தேன். "எங்கள ஏவாரம் பண்ண வேற ஆளப் பாரும். நீரு கள்ளன்," என்றேன். வெற்றிலையைத் திருப்பியவன் அந்த மனிதருக்காக ஆயுளுக்கும் பாடக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அவர் முகம் சிவந்தது. "சரி புலவரே," என்று மட்டும் சொல்லித் தட்டைக் காலி செய்தார்.

செல்லப்பன் என் வீட்டு முற்றத்தில் வந்து நின்று கத்தினான்: "ஒம்ம சந்தேகத்த அவிச்சுத் திங்கச் சொல்லுதீரா? எனக்க பிள்ளையளுக்கு என்ன பதில் சொல்ல?"

அன்று மாலையே ஞானமுத்து யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். மற்ற நால்வர் வீட்டுக்கும் போய் ஆளுக்குத் தனித்தனியாக வெற்றிலை கொடுத்தார். புலவரைத் தாண்டி வெற்றிலை கொடுப்பது வழக்கத்தில் இல்லாதது. நால்வரும் வாங்கிக்கொண்டார்கள். என் குழுவையே பிரித்துவிட்டாரே என்று கொதித்தேன். செவ்வாய்க்கிழமைகளில் தும்புக் கிட்டங்கி இருந்த தெருவழியே நான் நடப்பதில்லை.

அம்மை அடங்கித் தடை நீங்கியது. முதல் கொடை எங்கள் ஊரில். காலையில் நால்வரும் வில்லைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள்.

"இறங்கும் புலவரே, நேரமாச்சு," என்றான் செல்லப்பன்.

"தலைப்பாட்டுக்குக் கிட்டங்கியில யாரு இருந்தா?"

"ஒருத்தரும் இல்ல. நடுவில ஒம்ம பாயி சும்மா கெடந்தது. ஒம்ம வரி வாற நேரம் நாங்க வாய் மிண்டாம இருப்போம். பெறவு பின்பாட்டு எடுப்போம். அது புலவருக்க எடம், ஒருத்தரும் இருக்கப்பிடாதுன்னு அவரு சொல்லியிட்டாரு."

கள்ளன் என்று நான் சொன்ன மனிதர், என் குரல் இல்லாத பாட்டை ஏழு செவ்வாய் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். அன்று கொடையில் நடுப் பாயில் போய் உட்கார்ந்து பாடினேன்.

அப்போதும் நான் திருந்தவில்லை. எப்போதாவது வருவார், ஓட்டு கேட்பார், கமிஷன் கேட்பார், சபைக்கு அழைப்பார் என்று காத்திருந்தேன். மூன்று ஆண்டுகள் காத்திருந்தேன். எதிரே கண்டால், "சுகமா புலவரே?" என்பார். நான் தலையாட்டிவிட்டுக் கடந்துவிடுவேன். கொடைப்பாட்டுக்குப் பணம் கொடுத்ததற்காகச் சபையில் அவரைக் கேள்வி கேட்டார்கள் என்றும், "பசிக்கிறவன் எந்தப் பாட்டு பாடினா என்ன?" என்று அவர் பதில் சொன்னதாகவும் பிறகு கேள்விப்பட்டேன். அதையும் நான் உடனே நம்பவில்லை.

கல்லறைத்தோட்டத்துக்கு நாங்கள் ஐந்து பேரும் போனோம். வழக்கப்படி அவருக்காக நான் பாட முடியாது. வாய் மூடி நின்றேன். சந்தையில் நாலு பேர் முன் சொன்னதை நாலு பேர் முன்தான் திரும்ப எடுக்க வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன். ஞானமுத்து கள்ளன் அல்லர். நான் சொன்னது தவறு.

அவர்மேல் எனக்கிருந்த சந்தேகங்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன. ஒன்றைத் தவிர. அவர் என்னை மன்னித்திருந்தாரா? "சுகமா புலவரே?" என்று அவர் கேட்ட ஏதாவது ஒரு நாளில் நான் நின்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். இனி தெரியாது. அவரிடமிருந்து நான் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டது அந்த ஒரு சந்தேகத்தைத்தான்.